சீட்டுகள் மட்டும் மிஞ்சிய பெட்டி: இரு மாநில வனத்துறைகளுக்கு எல்லையோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, கேரள மாநிலங்களின் தலைமை வன உயிரினக் காப்பாளர்களுக்கும், செங்கோட்டை–ஆரியங்காவு எல்லையின் இருபுறமும் பணிபுரியும் வனக்கோட்ட அலுவலர்களுக்கும்,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் செங்கோட்டையில் பிறந்து, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடைப்பட்ட சிறு நிலையங்களில் இரவுப் பணியில் கழித்து ஓய்வுபெற்றவன். பூச்சியியல் படித்தவன் அல்லன், பி.யு.சி.யோடு என் படிப்பு நின்றுவிட்டது. 1904-இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதையில், கடைசி வண்டியை அனுப்பிவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஊழியனுக்கு ஒரு பிளாஸ்க் தேநீரையும் நடைமேடை விளக்கையும் தவிர வேறு துணை கிடையாது. காட்டின் நடுவே எரியும் அந்த ஒற்றை விளக்கைத் தேடி வந்து சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் இரவிரவாகப் பார்த்து, இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்குமே, யாரிடம் கேட்பது என்று தொடங்கியதுதான் எனக்கு இந்தப் பூச்சி சேர்க்கும் பழக்கம்.

ஐப்பசி மழை விட்ட ஓர் இரவில், இரண்டு உள்ளங்கைகளை விரித்துச் சுவரில் பதித்தாற்போல் ஓர் அட்லஸ் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்திருந்தது. முன்சிறகின் நுனிகள் பாம்பின் தலைபோல் வளைந்து, சிறகின் நடுவே கண்ணாடிச் சில்லுகள் பதித்ததுபோன்ற முக்கோணங்களோடு அது அசையாமல் இருந்தது. வண்டிக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டார். “அண்ணாச்சி, அதுக்கு வாயே கிடையாது, கடிக்காது” என்று நான் குறுக்கே போய் நின்றேன். “வாயில்லாம எப்படிய்யா உசுரோட இருக்கு?” என்று அவர் கேட்டார். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஒரு வார காலம் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும் என்று சொன்னேன். அவர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, வண்டி வரும்வரை அதன் முன்னாலேயே நின்றார். பெயரும் வாழ்க்கையும் தெரிந்துவிட்ட ஒன்றின்மீது மனிதனுக்குச் செருப்பு எடுக்கக் கை வருவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் பணியும் என் பொழுதுபோக்கும் சந்திக்கும் இடம் அதுவே என்று நினைக்கிறேன்.

இனி, இந்த மடலை எழுத வைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஏழாண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் பழைய சக ஊழியர் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு தெர்மகோல் பெட்டி. அதில் ஊசியில் குத்திய 46 வண்டுகள். எல்லாம் அவர் வீட்டு முற்றத்து விளக்கடியில் காலையில் செத்துக் கிடந்தவை. அவற்றுடன் பன்னிரண்டு சிறு குப்பிகளில் சிலந்திகளும், ஒரு தீப்பெட்டிக்குள் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு ஒன்றும் இருந்தன. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டி திறக்கப்பட்டது. எந்தச் சாவடி, எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் குறை சொல்ல வந்தது அங்கிருந்த இளைஞரை அன்று. அவர் மரியாதையாகவே பேசினார். இதற்கெல்லாம் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதா என்பதைவிட, இப்படி ஒன்றுக்குப் பெர்மிட் என்று உண்டா என்பதே எனக்குத் தெரியவில்லை; அவருக்கும் தெரியவில்லை. குப்பிகளில் இருப்பது என்ன என்று கேட்டபோது ஸ்பிரிட் என்று உண்மையைச் சொன்னேன். எரிசாராயம் கடத்தப்படுவதைத் தேடிக்கொண்டே இருக்கும் ஓர் எல்லைச் சாவடியில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது என் பிழையே. சிலந்திகள் ஒரு பக்கம் போயின, சாராயம் மண்ணுக்குப் போயிற்று.

பெட்டியை வைத்துக்கொண்டு விசாரித்துச் சொல்வதாகக் கூறி என்னை அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள், தடைசெய்யப்பட்டது எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். இந்த ஒன்பது நாளும் பெட்டி ஒரு தாழ்வாரத்து மூலையில், மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. எறும்புகள் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தன. வரிசையாக 46 ஊசிகள்; ஒவ்வோர் ஊசியிலும் சுண்டுவிரல் நகமளவு ஒரு சீட்டு; சீட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. “தென்மலை, தோட்டவீட்டு முற்றம், விளக்கடி, கார்த்திகை 9, முன்னிரவில் மழை” என்று இந்தியன் இங்க்கில் நான் எழுதிய பொடி எழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

சீட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கே, எப்போது, எந்தச் செடியில், யாரால் எடுக்கப்பட்டது என்ற சீட்டு இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அருங்காட்சியகத்துக்கு அது குப்பை. வண்டாக இருந்தால் ஊசியை வலது மேற்சிறகில் குத்த வேண்டும்; பட்டாம்பூச்சிக்கு மார்பின் நடுவில்; சிலந்திக்கு ஊசியே ஆகாது, உலர்ந்தால் வயிறு சுருங்கிவிடும் என்பதால் எழுபது எண்பது சதவீத எரிசாராயத்தில்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பாச்சை உருண்டை வைத்து, ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்க்காவிட்டால், செத்த பூச்சியைத் தின்னும் வேறொரு பூச்சி உள்ளே வந்து குடியேறிவிடும். விற்பனைக்கு வரும் பெட்டிக்கும் அழகுக்குச் சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டகத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் அலுவலர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, சட்டத்தைப் பிறர் சொல்லக் கேட்காமல் நானே படித்தேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், முதல் இரண்டு அட்டவணைகளில் பெயர் குறிக்கப்பட்ட விலங்குகளையே காட்டு விலங்கு என்று வரையறுக்கிறது. அவற்றைக் கொல்வது மட்டுமின்றிப் பிடிப்பதும் வேட்டையில் அடங்கும். அட்டவணையில் இல்லாத ஒரு வண்டைத் தனியார் தோட்டத்தில் எடுப்பது அந்தச் சட்டப்படி வேட்டை ஆகாது. சரணாலயத்துக்குள் நிலைமை வேறு: கேரளப் பக்கம் செந்துருணியிலும் நம் பக்கம் நெல்லைச் சரணாலயத்திலும், எந்தப் பூச்சியையும் அனுமதியின்றி எடுத்து வர முடியாது. காப்புக்காடுகளுக்கு 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டமும் 1961-ஆம் ஆண்டின் கேரள வனச்சட்டமும் இருக்கின்றன. இவற்றில் எதையும் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. சரணாலயத்துக்குள் என்னைப்போன்றவன் வலையோடு நுழையக் கூடாது என்பதே என் கருத்தும்.

ஆனால் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், தன் 39-ஆவது பிரிவில், எவரேனும் ஒரு புதிய உயிரினத்தைக் கண்டறிந்தால் அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. எவரேனும் என்பதில் பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற பாகுபாடு இல்லை. ஆக, ஒரு சட்டம் என்னிடம் மாதிரியைக் கொண்டுவந்து கொடு என்கிறது. அதைக் கொண்டுபோகும் வழியில் இருக்கும் சாவடியோ, அது கையில் இருப்பதையே குற்றத்தின் தடயமாகப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் எந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை. அச்சத்தின் காரணம் கற்பனையும் அன்று: 2008-இல் டார்ஜிலிங் பக்கம் பூச்சி சேகரித்ததற்காகச் செக் நாட்டுப் பூச்சியியலாளர் இருவர் கைதாகித் தண்டனை பெற்றதை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். அவர்கள் அனுமதியின்றிச் சேகரித்தது தவறே. அந்தச் செய்திக்குப் பிறகு எல்லையின் இருபுறமும் என் நண்பர்கள் பலர் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டார்கள் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இதே ஊர்களிலிருந்து வேளாண்மை படிக்கப் போகும் பிள்ளைகள் பாடத்துக்காகப் பூச்சிகளைப் பிடித்து, குத்தி, பெட்டியில் அடுக்கி ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்குகிறார்கள். அவர்களை யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் கூடாது.

கொல்லாமல் படம் எடுத்தால் போதாதா என்று உங்களில் பலர் கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள். பட்டாம்பூச்சிகளுக்கும் தும்பிகளுக்கும் பெரும்பாலும் போதும். ஓய்வுபெற்ற பிறகு நான் ஒரு பட்டாம்பூச்சியைக்கூடக் குத்தியதில்லை. சிலந்திகளுக்குத்தான் அது போதாது. சிலந்தியின் குடும்பத்தைக் கண்களின் வரிசையை வைத்தே சொல்லிவிடலாம்: முன்னால் இரண்டு கண்கள் வண்டி விளக்குபோலப் பெரிதாக இருந்தால் தாவும் சிலந்தி, கீழே சிறிதாய் நான்கு, மேலே பெரிதாய் இரண்டு, பின்னால் இரண்டு என்று இருந்தால் ஓநாய்ச் சிலந்தி. ஆனால் அதற்குள் இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்ல, வளர்ந்த பெண் சிலந்தியின் அடிவயிற்றில் இருக்கும் இனப்பெருக்கத் தகட்டையோ, ஆணின் முகத்தருகே குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருக்கும் உணர்காலின் நுனியையோ உருப்பெருக்கியின் கீழ் பார்த்தாக வேண்டும். ஒன்று பூட்டு, மற்றொன்று அதற்கு மட்டுமே பொருந்தும் சாவி. எந்தக் கைபேசிப் படத்திலும் அது தெரியாது. 2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியல் ஐம்பதாயிரம் இனங்களை எட்டியது; அவற்றில் பெரும்பாலானவை இப்படிப் பூட்டையும் சாவியையும் பார்த்துப் பிரித்தவையே.

பார்வையை மட்டும் நம்பியதால் நானே முட்டாளானதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஓடைகளின் குறுக்கே மஞ்சள் மின்னும் பெரிய வலையைக் கட்டும் காட்டுச் சிலந்தியை நீங்கள் ரோந்தில் முகத்தால் அறிந்திருப்பீர்கள். கால்களோடு சேர்த்துப் பெண் சிலந்தி ஒரு கையகலம் இருக்கும். அவள் வலையின் ஓரத்தில் நெல்மணியளவு சிறு சிலந்திகள் சில எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். பெரிய சிலந்தி பிடித்த இரையைத் திருடித் தின்னும் வெள்ளிநிறத் திருட்டுச் சிலந்திகள் அப்படித்தான் வாழும் என்று எங்கோ கேள்விப்பட்டு, மூன்று மழைக்காலம் எல்லாவற்றையும் திருடர்கள் என்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பிறகு ஒரு முறை ஒன்றை எடுத்துச் சாராயத்தில் போட்டு லென்ஸில் பார்த்தபோதுதான், வெள்ளிநிறத்தவை திருடர்கள் என்பதும், செம்பழுப்பாக இருந்தது அந்தப் பெண் சிலந்தியின் கணவன் என்பதும் புரிந்தது. அரைச் சென்டிமீட்டர் கணவனை நான் மூன்றாண்டு திருடன் ஆக்கி வைத்திருந்தேன். அந்த ஒற்றைச் சிலந்தி செத்திராவிட்டால் அந்தக் குறிப்பேடு இன்றும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, எங்கள் வீட்டுக் கொல்லை மாமரத்தில். இலைகளைப் பட்டுநூலால் தைத்துக் கூடுகட்டும் சிவந்த எறும்பை நாங்கள் முசுறு என்போம். ஆரியங்காவு தாண்டினால் அதுவே நீறு. முசுறுகளின் வரிசையில் ஒன்று மட்டும் சற்றே தயங்கித் தயங்கி நடக்கும். குனிந்து பார்த்தால், எறும்புக்கு இருக்க வேண்டிய உணர்கொம்பு அதற்கு இல்லை. முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு முன்னே தூக்கி ஆட்டி உணர்கொம்புபோல் காட்டிக்கொண்டு, மீதி ஆறு காலால் நடக்கிறது. அது எறும்பே அன்று, தாவும் சிலந்தி. ஆண் என்றால் தாடை அவ்வளவு நீண்டு பருத்திருக்கும். பார்ப்பவருக்கு ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோலவே தோன்றும். விரலை நீட்டினால் எறும்பு கடிக்க வரும். இதுவோ நூல்விட்டுக் கீழே இறங்கிவிடும். இதைப் பார்க்க நான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, யாரையும் கொல்லவும் வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தினர் செய்வதில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வகைதான்.

எங்கள் தரப்பில் இருக்கும் குற்றத்தை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்க எனக்கு விருப்பமில்லை. பூச்சி ஆர்வம் என்ற பெயரில் விற்பனை நடக்கிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஓர் அஞ்சல் பொட்டலத்தில் 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத்துறையினர் பிடித்தார்கள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு குப்பிகளில் அவை இருந்தன. நம் நாட்டுச் சிலந்திகளின் கதை இன்னும் வருத்தமானது. ஆந்திரத்தில் குத்தி (Gooty) என்ற ஊரின் ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியை வைத்து 1899-இல் ஒரு நீலநிற மரச்சிலந்தி இனம் விவரிக்கப்பட்டது. ரயில்காரன் என்பதால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு: அது அந்த ஊர்ச் சிலந்தியே அன்று, வெட்டிய மரத்தோடு சரக்கு வண்டியில் ஏறி வந்தது என்றே கருதுகிறார்கள். அதன் உண்மையான இருப்பிடம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு என்பது நூறாண்டுக்கு மேல் கழித்து, 2001-இல்தான் தெரிந்தது. இன்று அது மிக அருகிய இனம். ஆனால் வெளிநாடுகளில் செல்லப்பிராணியாகக் கண்ணாடித் தொட்டிகளில் விலைக்குக் கிடைக்கிறது. அதே 1899-இல் விவரிக்கப்பட்ட திருவிதாங்கூர் மரச்சிலந்தி, நம் மலையின் மரப்பொந்துகளில் இருக்கிறது. இந்தப் பேரினம் முழுவதும் 2019-இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டது. பொந்தில் இருக்கும் பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. அதை ஒருவன் பெயர்த்துக்கொண்டு போனால் அந்த மரத்துக்கு மறுபடி ஒரு சிலந்தி வர எத்தனை காலம் ஆகும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்டவனைப் பிடியுங்கள், விவரம் தெரிந்தால் நாங்களே உங்களுக்குச் சொல்வோம். விளக்கடியில் செத்த வண்டைப் பொறுக்கியவனையும் மரப்பொந்தில் கை விட்டவனையும் ஒரே பதிவேட்டில் எழுதும்வரை, இரண்டாமவனைப் பற்றி உங்களிடம் வந்து சொல்ல முதலாமவனுக்குத் துணிவு வராது.

வளர்ப்பதைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் தலைமுறையில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வைத்திராத பையன் இந்த வட்டாரத்தில் இல்லை. கருவேல இலையைக் கிள்ளிப் போட்டு, அது இட்ட அரிசிபோன்ற முட்டையை வகுப்பில் ரகசியமாகக் காட்டி, வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறோம். அந்தப் பொன்வண்டு பெரும்பாலும் செத்துத்தான் போயிற்று என்பதால் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானையை ஒரு தட்டில் வைத்துப் பார்ப்பதும், எலுமிச்சைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழு பச்சையாக மாறிக் கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாகப் பறக்கும்வரை ஒரு ஜாடியில் வைத்துப் பிறகு விட்டுவிடுவதும் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வி. குழியானையை மலையாளத்திலும் குழியானை என்றே சொல்கிறார்கள். அதற்குப் பெயர் வைத்த பிள்ளைகளுக்கு எல்லை தெரிந்திருக்கவில்லை. ஆடுதீண்டாப்பாளைக் கொடியில் முட்டையிடும் சிவப்புடல் அழகி, 1972 சட்டத்தின் பழைய முதல் அட்டவணையில் புலியோடு இருந்தது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். வீட்டு வேலியில் பரவலாகப் பறக்கும் பட்டாம்பூச்சி அது. அதன் புழுவை ஜாடியில் வைத்த குழந்தை, அன்றைய சட்டத்தின் எழுத்தின்படி பார்த்தால், பெருங்குற்றவாளி. யாரும் வழக்குப் போடவில்லை என்பது உங்கள் துறையின் நல்லறிவுக்குச் சான்று. ஆனால் நல்லறிவு ஆளுக்கு ஆள் மாறும், எழுத்து மாறாது.

எல்லையைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்த ஊர். என் தாத்தா ஒரே வீட்டில் இருந்துகொண்டே மாநிலம் மாறியவர். மழைக்கு முன்னும் பின்னும் நீலப்புலி, வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் சமவெளிக்கும் மலைக்கும் இடையே ஆயிரக்கணக்கில் இந்தக் கணவாய்களைக் கடக்கின்றன. மலையாளிகள் துலாத்தும்பி என்று அழைக்கும் தட்டான் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து, மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்காவரை போகிறது. நாம் பொன்னழகி என்னும் பட்டாம்பூச்சியை அவர்கள் கருட சலபம் என்கிறார்கள். கேரளம் 2018-இல் புத்தமயூரியையும் தமிழ்நாடு 2019-இல் தமிழ் மறவனையும் மாநிலப் பட்டாம்பூச்சிகளாக அறிவித்தன. இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையில் பறப்பவை. இரு துறைகளும் தன்னார்வலர்களைக் கணக்கெடுப்புக்கு அழைத்து, பெயர் சொல்லத் தெரிந்தவர்களை அருகில் அமர்த்திக்கொள்வதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். கணக்கெடுப்பு நாளில் அழைக்கப்படும் அதே மனிதர் மறுவாரம் சாவடியில் பெட்டியோடு நின்றால் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுகிறார் என்பதுதான் எங்கள் சங்கடம்.

படித்த சம்பளக்காரர்கள் மட்டும் இந்த அறிவைச் சேர்த்ததில்லை. தென்னிந்தியத் தும்பிகளைப் பற்றி இன்றும் புரட்டப்படும் தொகுதிகளை எழுதிய பிரேசர் ஒரு ராணுவ மருத்துவர். பட்டாம்பூச்சிப் புழுக்களின் உணவுச்செடிகளை ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்து எழுதிய பெல், கார்வார் பக்கத்தில் பணிபுரிந்த வனத்துறை அதிகாரி, அதாவது உங்கள் துறைக்காரர். அவர்கள் காலத்து மாதிரிகள் பல இன்று லண்டனில் இருக்கின்றன; இன்று சேர்ப்பவை கோழிக்கோட்டிலும் சென்னையிலும் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மையங்களிலேயே சேர்ந்துவிடலாம், நீங்கள் வழியை மறிக்காமல் இருந்தால்.

ஆகவே நான் கேட்பது இவை. சரணாலயத்துக்கு வெளியே, நில உரிமையாளரின் ஒப்புதலோடு, அட்டவணையில் இல்லாத பூச்சிகளையும் சிலந்திகளையும் ஆய்வுக்காகச் சிறு அளவில் எடுப்பதற்கு அனுமதி தேவையா இல்லையா என்பதை இரு துறைகளும் ஒரே சுற்றறிக்கையில் எழுத்தில் சொல்ல வேண்டும். தேவை என்றால், அதைத் தலைநகரம்வரை அனுப்பாமல் வனக்கோட்ட அலுவலரே, ஆம் என்றோ இல்லை என்றோ, ஒரு மாதத்துக்குள் சொல்லும்படி ஒரு பக்கப் படிவம் போதும். அதன் முத்திரையை மலையின் மறுபக்கச் சாவடியும் ஏற்க வேண்டும். விற்பனை இல்லை, உயிருள்ள மரச்சிலந்தி இல்லை, ஆண்டு முடிவில் பட்டியலும் மாதிரிகளும் பொது அருங்காட்சியகத்துக்கு என்ற நிபந்தனைகளை நீங்கள் எழுதினால் நாங்கள் கையெழுத்திடுகிறோம். பாதுகாக்கப்பட்ட பூச்சிகளின் படங்களைத் தமிழ், மலையாளப் பெயர்களோடு ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு சாவடியின் சுவரிலும் ஒட்டுங்கள். இலத்தீன் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இளம் காவலர் எதைத் தடுக்க முடியும், எதை விட முடியும்? அந்தப் படங்களுக்கும் பெயர்களுக்கும் உதவி வேண்டுமானால் கூலியின்றிச் செய்து தர எல்லையின் இருபுறமும் ஆட்கள் இருக்கிறார்கள். கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது: சந்தேகத்தில் ஒரு பெட்டியைப் பிடித்தால், இறுக மூடி, இரண்டு பாச்சை உருண்டை போட்டு, எறும்பு ஏறாத அலமாரியில் வையுங்கள். குற்றம் என்றால் அது உங்கள் சாட்சியம். குற்றமில்லை என்றால் அது எங்கள் நான்கு நாள் உழைப்பு.

அந்த 46 சீட்டுகளையும் நான் எறியவில்லை. எறும்பு தின்ற வண்டுகளில் எது எதுவாக இருந்தது என்று எனக்கே இப்போது நினைவில்லை. இரண்டு மூன்று நீளக்கொம்பு வண்டுகள் இருந்தன, ஒன்று அதுவரை நான் பார்த்தேயிராதது. வரும் கார்த்திகையில் அதே முற்றத்துக்குப் போகிறேன். நண்பர் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டுவிட்டாராம், வண்டு வரத்துக் குறைந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார். பழைய பல்பு ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலர்களில் யாருக்கேனும் அந்த நாலு நாளில் ஓர் இரவு ஓய்வு கிடைத்தால் வந்து எங்களோடு விளக்கடியில் உட்காரலாம், சக ஊழியர் வீட்டில் கப்பைக்கிழங்கும் மீனும் கட்டாயம் உண்டு. அதற்குள் எழுத்தில் ஒரு விடை வந்துவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு போவேன். வராவிட்டால் கேமராவை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்